உடையப்பனின் இடது பக்கம்

ஈப்போ
6 ஆகஸ்ட் 1978

அன்பு அக்கா,

உடையப்பன் எழுதுகிறேன். நல்ல சேதிதான், முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை படி. செப்டம்பர் 30, சனிக்கிழமை, இங்கே ஈப்போவில் பேராக் மாநிலக் குத்துச்சண்டைக் குழுவுக்குத் தேர்வுப் போட்டி. 54 கிலோப் பிரிவில் நானும் லூமுட் பத்துமலையும் மோதுகிறோம். அவன் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவன். வலது கை இரும்பு என்கிறார்கள். மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். ஒன்பது நிமிடச் சண்டைக்கு எட்டு வாரப் பயிற்சி என்றால் நீ சிரிப்பாய்.

ஜெயித்தால் மாநிலக் குழு. குழுவில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு நிரந்தர வேலை கொடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதாம். ஞானசேகரம் மாஸ்டர் சொன்னார். அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ரயில்வேயில் கணக்கெழுதுகிற கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், மாலையில் எங்கள் கிளப்பில் வந்து பழக்கிவிடுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் பொய் வராது.

விடிந்ததும் குனோங் ராப்பாட் மலையோரம் ஆறு மைல் ஓட்டம். பிறகு பலகை மில். வேலை முடிந்ததும் கயிறு தாண்டுவது, மூட்டை குத்துவது. மூட்டைக்குள் எங்கள் மில் மரத்தூள்தான். கடைசியில் சீனியோடு மூன்று ரவுண்டு. நம் எஸ்டேட் இருளாயி மகன் சீனிதான், மில்லிலும் என்னோடுதான் இருக்கிறான். இப்போது 57 கிலோ இருக்கிறேன். சோறு ஒரு வேளைதான். ஓடும்போது கொசுதான் தாங்கவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே பறக்கிறது, அடித்தால் சிக்குவதில்லை. போன மாதம் தைப்பிங் போட்டியில் வாங்கிய குத்தின் வீக்கம் வற்றிவிட்டது, கவலைப்படாதே.

ஓர் உதவி. நீ வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடைச் சுவரில் எழுத்து அட்டை தொங்குமே, மேலே பெரிதாகவும் கீழே போகப்போகச் சின்னதாகவும். அதை வரிசை மாறாமல் எழுதி அனுப்பு. மில்லில் ஒரு நண்பர் லாரி லைசென்சுக்குப் போகிறார், கண் சோதனைக்குப் பயப்படுகிறார்.

தம்பி
உடையப்பன்


தாப்பா
11 ஆகஸ்ட் 1978

தம்பி உடையப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே நின்றுகொண்டு படித்தேன். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை. ஒரு வேளைச் சோறு தின்றுவிட்டு நாள் பூராவும் பலகை தூக்குகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மா போன பிறகு உன்னை ஊட்டி வளர்த்தது இப்படிக் காயப்போடுவதற்கா?

நீ கேட்டதை எழுதி வைத்திருக்கிறேன். கடை முதலாளி தவுக்கே பார்த்துவிட்டு, "என்னா நல்லம்மா, நீயும் கண்ணு டாக்டர் ஆகப்போறியா?" என்று சிரித்தார். எல்லா இடத்திலும் இதே அட்டைதானாம். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கண் தெரிகிற மனிதருக்கு இது எதற்கு? தெரியாத மனிதர் எதற்கு லாரி ஓட்ட வேண்டும்? அவர் பெயர் என்ன? கடைக்கு வரச் சொல், சும்மாவே பார்த்துவிடச் சொல்கிறேன்.

அப்புறம், கொசு அவ்வளவு கிட்டே வந்து பறந்தால் சீனியையும்தானே கடிக்கும்? அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். மலையோரம் கொசுவே இல்லை என்று அவன் சொன்னானாம்.

அக்கா
நல்லம்மாள்


ஈப்போ
18 ஆகஸ்ட் 1978

அன்பு அக்கா,

அட்டைக்கு நன்றி. நண்பர் பெயர் அப்பாவு. பாஸாகிவிட்டார், கடைக்கெல்லாம் வரவேண்டியதில்லை. எங்கள் மருத்துவச் சோதனையும் முடிந்தது. நெஞ்சு, இரத்தம், கண், காது எல்லாம் சரி என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

55 கிலோவுக்கு வந்துவிட்டேன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறேன், வியர்வை ஆறாக ஓடுகிறது. இன்னொரு மாற்றமும் உண்டு. இத்தனை நாள் இடது காலை முன்னால் வைத்து நின்றவன் இப்போது வலது காலை முன்னால் வைத்து நிற்கிறேன். மாஸ்டரும் சம்மதித்துவிட்டார். பத்துமலைக்கு இது தெரியாது. சீனியால்கூட என் இடது பக்கம் ஒரு குத்தும் வைக்க முடியவில்லை. அவ்வளவு தேறிவிட்டேன்.

ஆனால் அந்தச் சீனியைப் பற்றித்தான் யோசனையாக இருக்கிறது. சண்டை போடாத நேரத்திலும் என்னையே பார்க்கிறான். தண்ணீர் குடித்தால் பார்க்கிறான். நேற்று மில்லில் ஒருவன் தூக்கிக்கொண்டு போன பலகை என் இடது தோளில் இடித்துவிட்டது. இடித்தவன் பேசாமல் போய்விட்டான், சீனிதான் ஓடிவந்து, "மச்சான், நீ பாக்கலயா?" என்று கேட்டான். பலகை இடித்தால் யாரும் பார்த்தா இடித்துக்கொள்வார்கள்? என் சேதியெல்லாம் அவன் அம்மா வழியாக உனக்கு வருகிறது. லூமுட்டுக்கும் போகிறதோ என்னவோ.

உடையப்பன்


தாப்பா
23 ஆகஸ்ட் 1978

உடையப்பா,

நேராகவே கேட்கிறேன். உன் இடது கண்ணுக்கு என்ன ஆயிற்று?

உன் மூன்று கடிதங்களையும், மே மாதம் எழுதியதையும் சேர்த்துத்தான் மூன்று, மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மே மாதக் கடிதம் தாளின் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆகஸ்டில் வந்த இரண்டிலும் இடது பக்கத்தில் நான்கு விரல் அகலம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே தாள் இருப்பதே உனக்குத் தெரியவில்லையா?

யாருக்கென்று சொல்லாமல் தவுக்கேயிடம் கேட்டேன். அடிபட்ட பிறகு கண்ணுக்கு முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்குமாம். பிறகு ஓரத்தில் மின்னல் அடிக்கும். அதற்குப் பிறகு ஒரு பக்கமிருந்து கறுப்புத் திரை இறங்கும். உள்ளே சுவரில் ஒட்டியிருக்கிற தோல் பிரிந்து வருகிற கோளாறாம். "அப்படி யாராச்சும் இருந்தா செப்பாட், செப்பாட், சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. நாள் போகப்போக பார்வை திரும்பி வராது" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

மில்லில் இரம்பம் எந்தப் பக்கம் ஓடுகிறது? அதையாவது உண்மையாகச் சொல்.

உன் மாஸ்டர் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறு வருஷமாக இடது காலை முன்னால் வைத்து நின்றவனை எட்டு வாரத்தில் கால் மாற்றி நிற்கவைக்க அவருக்கு எப்படி மனசு வந்தது? வலது கால் முன்னால் வந்தால் வலது கண்ணும் முன்னால் வரும். இது கண்ணாடிக் கடையில் துடைக்கிறவளுக்கே புரிகிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே உன்னை இறக்குகிறார்.

நல்லம்மாள்


ஈப்போ
29 ஆகஸ்ட் 1978

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், கோபம்தான் வந்தது. கடிதத்தில் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு யாராவது வெற்றிடத்தை அளப்பார்களா? தாளை மடியில் வைத்து எழுதுகிறேன், கோணலாகத்தான் வரும். எனக்குக் கண் சரி. டாக்டரின் கையெழுத்து இருக்கிறது.

மாஸ்டரைப் பற்றி இன்னொரு வார்த்தை எழுதாதே. உனக்கு இதையெல்லாம் யார் எழுதிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சீனி இதே எடைப் பிரிவுதான். நான் விலகினால் அடுத்த பெயர் அவனுடையது. அவன் சிரித்துப் பேசுவதற்கெல்லாம் காரணம் இருக்கிறது.

நீ குத்துச்சண்டைச் சங்கத்துக்கோ மாஸ்டருக்கோ ஒரு வரி எழுதினாலும் எனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வேன். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது நம்மை வெளியே போகச் சொன்னார்கள். நீ தாப்பாவுக்குப் போனாய், நான் மில்லுக்கு வந்தேன். ஆறு வருஷமாக அங்கே எனக்குத் தினக்கூலி என்றுதான் பெயர். உடையப்பன் என்று யாராவது ஒலிபெருக்கியில் கூப்பிடுவது அந்த ரிங்கில்தான்.

உடையப்பன்


தாப்பா
5 செப்டம்பர் 1978

உடையப்பா,

ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போவுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது.

முதல் பஸ்ஸில் ஏறி நீ பழகுகிற திடலுக்கே வந்தேன். நீ கயிறு தாண்டிக்கொண்டிருந்தாய். எவ்வளவு இளைத்துவிட்டாய். உன் இடது பக்கமாக நடந்து வந்து பத்தடி தள்ளி நின்றேன். நீ எண்ணிக்கொண்டே தாண்டினாய். ஐந்தடிக்கு வந்தேன். பிறகு கையை நீட்டினால் தொடுகிற தூரம். சிவப்புச் சேலை கட்டியிருந்தேன், உடையப்பா. நீ முந்நூறு எண்ணி முடித்து, துண்டை எடுத்து முகம் துடைத்துவிட்டு, வலது பக்கமாகத் திரும்பிப் போய்விட்டாய்.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடாமலே நின்றேன்.

சீனி பார்த்துவிட்டான். அவனை வேலி ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டேன்.

"அவனுக்கு என்னா ஆச்சு சீனி?"

"நா என்னாத்தக்கா சொல்றது. இடது பக்கம் குத்துனா அவன் கையத் தூக்கவே மாட்டேங்கிறான். வாங்கிக்கிட்டே நிக்கிறான். மொத நாளு வெளயாட்டுக்குப் பண்றான்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப நா அந்தப் பக்கம் குத்துறதே இல்லக்கா. மாஸ்டர்கிட்ட சொன்னா எடத்துக்கு ஆசப்பட்டு சொல்றேன்னு இவன் நெனப்பான்லா. எப்புடி சொல்றது?"

நீ தேறிவிட்டாய் என்று எழுதினாயே, அது இதுதான்.

மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதி, முகவரியும் எழுதி, தபால்தலையும் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை. நீ உண்மையை எழுது.

நல்லம்மாள்


ஈப்போ
10 செப்டம்பர் 1978

அக்கா,

சரி. உண்மை.

தைப்பிங்குக்கு அடுத்த வாரம் கொசு வந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் மூக்குப் பக்கமாகத் திரை இறங்கியது, அப்புறம் வெளி ஓரமும் போனது. இப்போது இடது கண்ணில் கீழே கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். அப்பாவு என்று யாரும் இல்லை. டாக்டர் வலது கண்ணை மூடச் சொன்னபோது நீ எழுதி அனுப்பியதைத்தான் பார்க்காமல் ஒப்பித்தேன்.

அந்தக் கடிதத்தைப் போடாதே. இன்னும் இருபது நாள். ஒன்பது நிமிடம். அக்டோபர் 2 திங்கட்கிழமை காலையில் நானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அம்மா மேல் சத்தியம். போன கண் போனதுதான் என்றால் இருபது நாளில் என்ன கூடிவிடப் போகிறது? வேலையாவது கிடைக்கட்டும்.

உன்னைக் கெஞ்சிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

உடையப்பன்


தாப்பா
15 செப்டம்பர் 1978

உடையப்பா,

கடிதத்தைப் போடமாட்டேன்.

இதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

நல்லம்மாள்


ஈப்போ
2 அக்டோபர் 1978

அக்கா,

தோற்றுவிட்டேன். தோற்கடிக்கப்பட்டேன் என்றுதான் எழுத வேண்டும்.

53.8 கிலோ எடையோடு ஏறினேன். முதல் ரவுண்டு முழுக்க என்னுடையது. வலது கையை நீட்டி நீட்டி அவனைக் கிட்டே விடவே இல்லை. பத்துமலை குழம்பிப்போய் நின்றான், கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. இரண்டாவதில் நாலைந்து வாங்கினேன், மறுக்கவில்லை. ஆனால் கால் தளரவில்லை, மூச்சு வாங்கவில்லை. இன்னும் மூன்று நிமிடம்தான் பாக்கி. மூலையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன், மாஸ்டர் கொடுக்கவில்லை. இரண்டு முறை கேட்டேன். கல்லு மாதிரி நின்றார். மணி அடித்தது, எழுந்தேன், என் காலடியில் எங்கள் மூலைத் துண்டே வந்து விழுந்தது. துண்டை எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், நடுவர் பத்துமலையின் கையைத் தூக்கிவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். "பிறகு கதைப்பம்" என்று போய்விட்டார். தாகத்தில் கேட்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காத மனிதர் எதையும் செய்வார். லூமுட்காரர்கள் அவரிடம் பேசியிருக்கிறார்கள். இல்லையென்றால் சீனி. நீதான் அப்போதே மாஸ்டர் மேல் நம்பிக்கை இல்லை என்றாய், நான் கேட்கவில்லை.

இன்று திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னை விற்றது யார் என்று தெரியாமல் எங்கேயும் போவதாக இல்லை.

உடையப்பன்


தாப்பா
4 அக்டோபர் 1978

உடையப்பா,

உன்னை யாரும் விற்கவில்லை. நிறுத்தச் சொன்னது நான்.

அன்று மண்டபத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடிதத்தைப் போடமாட்டேன் என்றுதான் எழுதினேன். வரமாட்டேன் என்று எழுதவில்லை. முதல் ரவுண்டில் நானும் கத்தினேன், "குத்துடா உடையப்பா, குத்து" என்று. தாப்பாவிலிருந்து துணைக்கு வந்திருந்த செல்லாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குக் கத்தினேன். நீ ஜெயித்துவிடுவாய் என்று நினைத்தேன். ஜெயிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த மூன்று நிமிடம் உன் கண் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அதை நீ என்னிடம் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதில் பத்துமலை கண்டுபிடித்துவிட்டான். உன் இடது பக்கமாகவே சுற்றி வந்தான். ஒவ்வொரு குத்து விழும்போதும் நீ எங்கிருந்து வந்தது என்று வலது பக்கம் தேடினாய். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

மணி அடித்ததும் ஓடிவந்து கீழே நின்று மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாஸ்டர், அவனுக்கு இடது கண்ணு தெரியல. நிறுத்துங்க."

"என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"ரெண்டு மாசமா தெரியல மாஸ்டர். என்கிட்ட எழுத்த வாங்கித்தான் டாக்டர்கிட்ட ஒப்பிச்சான். நானும் ஒடந்தை."

அவர் என்னை நம்பவில்லை. போட்டியைக் கெடுக்க யாரோ அனுப்பிய ஆள் என்றுதான் நினைத்திருப்பார். அந்தப் பார்வை அப்படி இருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து உன் இடது பக்கத்தில், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். நீ "தண்ணி மாஸ்டர்" என்றாய். அவர் கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். நீ மறுபடியும், "தண்ணி எங்க மாஸ்டர்?" என்றாய். போத்தல் உன் கன்னத்தைத் தொடுகிற தூரத்தில் இருந்தது.

போத்தல் அவர் கையிலேயே சாய்ந்து, தண்ணீர் அவர் கால் சப்பாத்தில் கொட்டியது. மணி அடித்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து எறிந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எழுதியது தப்பு. கால் மாற்றி நிற்கச் சொன்னது அவர்தானா, நீயா? அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். காலையில் வருவேன். கதவைத் திறக்காவிட்டால் சீனி உடைப்பான், அவனிடம் சொல்லிவிட்டேன்.

நல்லம்மாள்


ஈப்போ, ஆஸ்பத்திரி
29 அக்டோபர் 1978

அக்கா,

நேற்றுத்தான் கண் கட்டை முழுதாக எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்காதே என்று படுக்கப் போட்டார்கள். முதல் மூன்று நாள் நீ பக்கத்தில் இருந்தாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உறங்குகிறேன் என்று நீ நினைத்திருந்தால், இல்லை. நீ மூக்கைச் சிந்துவது கேட்டது.

நீ கேட்டதற்குப் பதில். கால் மாற்றி நிற்கச் சொன்னது மாஸ்டர் இல்லை. நான்தான் கேட்டேன். இடது தோள் வலிக்கிறது, இப்படி நின்றால் சுகமாக இருக்கிறது என்று சொன்னேன். தினமும் வந்து அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார், அக்கா. வலியே இல்லாத தோளுக்கு.

நேற்று டாக்டர் வந்தபோது மாஸ்டரும் இருந்தார். எத்தனை நாளாகத் தெரியவில்லை என்று டாக்டர் கேட்டார். டாக்டரிடம் முன்பு பத்து நாள்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். நேற்று, இங்கே வந்து படுக்கும்போதே இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். முதல் வாரமே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப தோள் நோகுது எண்டது?"

"பொய் மாஸ்டர்."

"ம்." தைலம் தேய்த்த தோளை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "நான் லூமுட்காரரிட்ட வித்துப்போட்டன் எண்டு கிளப்பிலை சொன்னனியாம்."

"ஆமா மாஸ்டர்."

"நான் உன்ரை கண்ணைப் பாத்திருக்க வேணும். காலைத்தான் பாத்தன்." அதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்று காலையில் மறுபடி வந்தார், பிளாஸ்கில் கோப்பி இருந்தது. மன்னித்துவிட்டாரா, நான் இன்னும் பொய் சொல்கிறேனா என்று பார்க்க வருகிறாரா, தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

நிலைமை இதுதான். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. ஆள் நடந்தால் நிழல் அசைகிறது. யார் என்று தெரியாது. இதற்கு மேல் வந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். வலது கண் நன்றாக இருக்கிறது. குத்துச்சண்டை முடிந்தது. மில்லில் இரம்பத்துக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், பலகை அடுக்குகிற இடத்தில் போடுகிறேன் என்று எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லியிருக்கிறார். சீனியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சும்மா இரு மச்சான், ஒன்னோட நெலமைல நானும் எல்லாரையும் அப்படித்தான் பாத்திருப்பேன்" என்றான்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத நினைத்தேன். எழுதினால் அதுவும் ஒரு பொய். அந்த மூன்றாவது ரவுண்டு இருக்கிறதே, அது தினமும் எனக்குள் நடக்கிறது, தினமும் நான் ஜெயிக்கிறேன். ஆனால் நீயும் கத்தினாய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் சீனியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நீ அதை எழுதாமலே விட்டிருக்கலாம், எழுதினாய்.

வரும் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நேரே தாப்பாவுக்கு வருகிறேன், பதினோரு மணி பஸ். கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக இருக்கும். நீ என் இடது பக்கமாக வந்தால் சும்மா நிற்காதே, பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

உடையப்பன்